கொம்பனை நம்புனேன், சேத்தை நம்பல

எனக்கு அப்ப ஏழெட்டு வயசு இருக்குமுங்க. சென்னிமலைக்குக் கெழக்கால எங்க தோட்டத்துல கடலக்கா கொடியப் புடுங்கி சாளை முன்னாடி குமிச்சு வச்சிருப்பாங்க, பொழுதெறங்குனதும் எல்லாரும் சுத்தி உக்காந்து காய் ஆய்வோம், ஆத்தா அண்ணமார் கதைய ஆரம்பிக்கும். பொன்னர் சங்கர் கத தெரியாத கொங்குக்காரங்க யாரு இருக்காங்க. அதுல கொம்பன்னு ஒரு காட்டுப்பன்னி வரும், யானையாட்ட உருவம், ஒரே ராத்திரில ஊரு வெள்ளாமையவே அழிச்சுப்போடும். எனக்கு அதுல ஒரு சந்தேகமும் வரல. ஆனா நடுவுல ஆத்தா "சேத்துல பொரண்டு எந்திரிச்சு வந்துச்சு பாரு"ன்னதும் கேட்டுப்போட்டேன், "ஏனுங்காத்தா, மூணு வருசமா மழையே இல்லீன்னு இப்பத்தான சொன்னீங்க, சேறு எங்கிருந்து வந்துச்சு?"

ஆத்தா கைய நிறுத்தாமயே "மலைமேல ஊத்து இருக்குதல்ல கண்ணு, அது வத்தாது"ன்னுச்சு. செரின்னுட்டேன்.

யானை சைசு பன்னிய ஒத்துக்கிட்ட மண்டை ஒரு கை சேத்த ஏன் ஒத்துக்கல? பேண்டஸி கதைன்னாலே நெஜத்துல இருந்து தப்பிச்சு ஓடறதுன்னு சொல்றவங்களுக்கெல்லாம் பதில் இதுக்குள்ளதான் இருக்குதுன்னு நான் நம்பறேன்.

மூளைல ஒரு சிக்னல் இருக்குது, என்400ன்னு பேரு. தலைல எலக்ட்ரோடு வச்சு ஒவ்வொரு வார்த்தையா காட்டிட்டே வந்தா, பொருந்தாத வார்த்தை வந்து கிட்டத்தட்ட 400 மில்லி செகண்டுல அந்த அலை பெருசாகும். சூடான ரொட்டி மேல சாக்ஸ தடவுனான்னு ஒரு வாக்கியத்தக் காட்டி 1980ல மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் இதக் கண்டுபுடிச்சாங்க. வெண்ணெய்னு எதிர்பார்த்த எடத்துல சாக்ஸ் வந்துச்சுன்னா நாம யோசிக்கறதுக்கு முந்தியே மூளை தடுக்கி விழுகுது.

2006ல நெதர்லாந்துல நியூலாண்ட், வான் பெர்கும்னு ரெண்டு பேரு இத வச்சு ஒரு சோதனை பண்ணுனாங்க பாருங்க, அதப் படிச்சப்ப எனக்கு எங்க சாளை வாசலே கண்ணு முன்னாடி வந்துருச்சு, ஏன்னா அதுல ஹீரோவே ஒரு கடலக்கா. சிரிச்சுக்கிட்டு ஆடுது, புதுசா பாத்த பொண்ணப் பத்திப் பாட்டுப் பாடுது, இப்படி நாலஞ்சு வரி போகுது. அப்புறம் "கடலக்கா உப்புப் போட்டது"ன்னு சில பேருக்கும், "கடலக்கா காதல்ல இருந்துச்சு"ன்னு சில பேருக்கும் முடிச்சாங்க. நெஜ உலகத்துல கடலக்காய்க்கு உப்புதான பொருத்தம். ஆனா அந்தக் கதையக் கேட்டவங்க மூளை தடுக்கி விழுந்தது உப்புலதான், காதல அப்படியே எடுத்துக்கிச்சு. வாழ்நாள் பூரா உப்புக்கடலை தின்னு வந்த பழக்கத்த நாலஞ்சு வரி கதை ஓரங்கட்டிப்போடுது!

அப்ப நெஜத்த மொத்தமா மறந்துடறமான்னா, அதுவும் இல்லீங்க. கதை எத மாத்தச் சொல்லுதோ அத மட்டும் மூளை மாத்திக்குது, மிச்சமெல்லாம் நம்மூட்ல இருந்து எடுத்துட்டுப் போறதுதான். அந்தக் கடலக்காய்க்குக் காதல் வந்தாக்கூட மனுசனாட்டத்தான் பாடுது, வாதுமை மேல உசுரா இருக்குது. 2017ல ஷ்டுல்மன், மார்கன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க மந்திரம் போட்டு பாஸ்கெட்பால மெதக்க உடறது கஷ்டமா, கட்டைகள உருட்டித் தள்ற கனமான பவுலிங் பந்த மெதக்க உடறது கஷ்டமான்னு கேட்டிருக்காங்க. மந்திரத்துக்கு ஏது கனம், ரெண்டும் ஒண்ணுதான? ஆனா ஜனங்க பவுலிங் பந்துதான் கஷ்டம்னாங்க. நம்மளக் கேட்டாலும் பஞ்சு மூட்டைய விட ஆட்டுக்கல்ல மெதக்க உடறதுக்குத்தான் பெரிய மந்திரவாதி வேணும்போமில்ல? மாயத்துக்குள்ளயும் தராசு வேலை செய்யுது.

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதை எழுதுன டோல்கீன் இதப் பத்தி 1939லயே ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டில ஒரு சொற்பொழிவு குடுத்தாரு. பச்சைச் சூரியன்னு யாரு வேணாலும் சொல்லிப்போடலாம், ஆனா அந்தப் பச்சைச் சூரியன நம்பற மாதிரி ஒரு உலகத்தக் கட்டறதுக்குத்தான் உழைப்பு வேணும்னாரு. தப்பிக்கிறதுங்கற பழியப் பத்தியும் அங்கயே பேசுனாரு. ஜெயில்ல கெடக்கற ஒருத்தன் ஊட்டுக்குப் போகணும்னு நெனச்சா அது தப்பா, அவன எதுக்குப் போர்க்களத்த உட்டு ஓடுனவனோட சேத்துப் பேசறீங்கன்னு கேட்டாரு. முதல் உலகப்போருல, 1916ல சொம் போர்க்களத்துல நின்னவரு, அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும்.

என் மாமம் பொண்ணு திருப்பூருல ஒரு பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லர். ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி ரூமுக்கு வந்து படுத்துக்கிட்டு போன்ல ட்ராகன் கதை படிப்பா, ஊட்ல எல்லாரும் இத வச்சு என்ன பண்ணப் போறன்னு திட்டிட்டே இருப்பாங்க. ஒருக்கா ஒரு கதைல ராத்திரியோட ராத்திரியா ஆயிரம் சிப்பாய்க்குப் புதுச் சட்டை தெச்சுக் குடுத்தாங்கன்னு வந்துச்சாம், அந்த அரமனைல மந்திரமும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறும் பத்து தையக்காரங்க. எந்திரிச்சு உக்காந்து கணக்குப் போட்டிருக்கா, ஒரு ஆளுக்கு நூறு சட்டை, வெட்டணும், கை ஒட்டணும், காலர் வைக்கணும், காஜா எடுக்கணும். "ட்ராகன் மேல வேணா ஏறிப் போறேனுங் மாமா, இத மட்டும் என்னால நம்ப முடியல"ன்னா. அத்தோட அந்தக் கதைய உட்டுட்டா. வேலைய மறக்கறதுக்குப் படிக்கப் போனவ கையோட மிஷினையும் எடுத்துட்டுத்தான் போயிருக்கா!

2012ல நார்வேக்காரங்க ஒரு ஆராய்ச்சில தப்பிக்கிறதையே ரெண்டாப் பிரிச்சாங்க, மனசுல இருக்கற வெசனத்த அமுக்கறதுக்குன்னு ஒண்ணுல மூழ்கறது ஒரு வகை, நல்லா இருக்கணும்னு விரிஞ்சு போறது இன்னொரு வகை. அவங்க பாத்தது பொதுவா பொழுதுபோக்குகள, கதைய மட்டும் இல்ல. ஆனா இந்தப் பிரிவு கதை படிக்கறவங்களுக்கும் பொருந்தும்னுதான் எனக்குப் படுது. ட்ராகன் கதை படிக்கறவங்க எல்லாரையும் ஒரே கூடைல போட்டுத் திட்டறது எனக்கு ஆகாதுங்க.

ரெண்டு வருசத்துக்கு முந்தி மணப்பாறை பக்கம் வீரப்பூருக்குப் போயிருந்தேன், அண்ணமார் சாமிக கோயில் அங்கதான் இருக்குது, கதைல வர்ற வீரமலையும் அங்கதான். அந்த மலைய நல்லாப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஆனாலும் கதைய நெனச்சா கொம்பன் இன்னிக்கும் எங்க சென்னிமலைச் சரிவுல இருந்துதான் எறங்கி வருது, ஆத்தா சொன்ன ஊத்துச் சேறு முதுகுல காயாம அப்படியே இருக்குது.