"பிழை" என்று மட்டும் சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலை. ஸ்டோர் பார்க்கிறவர் ஐம்பதைக் கடந்தவர், தோலைத் தடவிப் பார்த்தே எந்த லாட் என்று சொல்லிவிடுவார். உற்பத்திக்கு அனுப்பிய கிரஸ்ட் தோலின் (பதனிட்டு உலர்த்திய, மெருகேற்றாத தோல்) கணக்கை எக்ஸெலில் 300 வரி அடித்து, எஸ்ஏபி (SAP) என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளில் ஏற்றுவதற்கு நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமை ஓட்டியிருக்கிறார். 260 ஏறிவிட்டது. மீதி 40 வரிக்கு எதிரே ஒரே சொல்: "பிழை".

"என்ன பிழைன்னு சொல்லாம பிழைன்னு மட்டும் சொன்னா, நான் யார்கிட்ட சார் போய்க் கேக்கறது?" என்றார் போனில். காட்பாடியிலிருந்து பைக்கில் போகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான் ஓடியது. எஸ்ஏபி காரணத்தைச் சொல்லத்தான் சொல்லியிருந்தது. அதை வாங்கிக் குப்பையில் போட்டது நாங்கள்.

எஸ்ஏபி ஒரு செய்தியை முழு வாக்கியமாக நம் கையில் கொடுப்பதில்லை. செய்தி வகுப்பு (எந்தத் தொகுப்பின் செய்தி என்கிற குறியீடு), மூன்று இலக்க எண், அதிகபட்சம் நான்கு மதிப்புகள்: இவ்வளவுதான் வரும். வாக்கியம் டி100 என்ற டேபிளில் மொழிவாரியாக இருக்கிறது, ஒன்றுக்கு 73 எழுத்துக்குள். நடுவே மதிப்பு உட்கார வேண்டிய இடங்களில் & குறி இருக்கும். செய்திகளைப் பார்க்கிற எஸ்இ91 திரையைத் திறந்து, வகுப்பு எம்7 என்று கொடுத்து 021-ஐப் பாருங்கள். கையிருப்பு போதவில்லை என்பதுதான் அது. ஸ்டோர்காரர்கள் அதிகம் மோதுகிற செய்தி.

எங்கள் குழுத் தம்பி அன்று மாலையே சரி செய்துவிட்டேன் என்றான். டி100-இல் தானே ஒரு செலக்ட் (டேபிளிலிருந்து எடுக்கிற கட்டளை) எழுதியிருந்தான். ஓட்டிப் பார்த்தால் சில வரிக்கு வாக்கியம் வந்தது, பல வரிக்கு வெற்றிடம். 305 வருகிறது, 021 வரவில்லை. அரைமணி நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் பிடிபட்டது. எண்ணை முழு எண் வகை மாறியில் (வேரியபிள்) வைத்திருந்தான். 021 அங்கே வெறும் 21 ஆகிவிட்டது. அதை மூன்றெழுத்து மாறிக்கு மாற்றினால் 21-க்குப் பின்னால் ஒரு காலி இடம் வருமே தவிர, முன்னால் பூஜ்யம் திரும்பி வராது. டி100-இல் அப்படி ஒரு எண்ணே கிடையாது. வந்த வாக்கியங்களிலும் வம்பு: எல்லா & குறியிலும் முதல் மதிப்பையே போட்டிருந்தான். படித்தால் சிரிப்புதான் வரும், ஆனால் ஸ்டோரில் சிரிக்க மாட்டார்கள்.

இந்த வேலைக்கென்றே எஸ்ஏபி ஃபங்ஷன் வைத்திருக்கிறது. மெசேஜ்_டெக்ஸ்ட்_பில்ட் என்பதிடம் வகுப்பு, எண், நான்கு மதிப்புகளைக் கொடுத்தால் முழு வாக்கியம் திரும்ப வரும். ஃபார்மேட்_மெசேஜ் என்பதில் மொழியையும் சொல்லலாம். செய்தி கிடைக்காவிட்டால் நாட்_ஃபவுண்ட் என்று சொல்லும், அதைப் பிடிக்காமல் விட்டால் புரோகிராமே டம்ப் ஆகும், அதாவது பாதியில் நின்றுவிடும். நீண்ட விளக்கமும் வேண்டுமென்றால் பேப்பி_மெசேஜ்_கெட்டீட்டெயில். புதுப் புரோகிராமில் நான் பெரும்பாலும் மெசேஜ் கட்டளையோடு, வாக்கியத்தை மாறியில் போட்டுக் கொடுக்கிற இன்ட்டூவைச் சேர்த்தே எழுதிவிடுகிறேன், ஒரே வரியில் முடிகிறது. ஆனால் அது லாகின் மொழியில்தான் பேசும். வேறு மொழியில் வேண்டுமென்றால் ஃபங்ஷன்தான்.

பேப்பி (புரோகிராம்கள் பதிவு செய்வதற்கென்று எஸ்ஏபி தருகிற ஃபங்ஷன்கள்) வழியாகப் பதிவு செய்கிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். ரிட்டர்ன் டேபிளில் மெசேஜ் என்ற புலத்திலேயே வாக்கியம் கட்டி வந்துவிடும். அதை மறுபடி கட்டுகிற புரோகிராமை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன்.

கால் டிரான்சாக்ஷன் வழி, அதாவது ஆள் திரையில் அடிப்பது போலவே அடித்துப் போகிற பழைய புரோகிராம்களில்தான் கவனம் வேண்டும். "இ" (பிழை) வகைச் செய்தியை மட்டும் வடிகட்டி எடுத்தால் போதும் என்று நினைப்பார்கள். திரைக்கு உள்ளீடு இல்லை என்று சொல்கிற 00 வகுப்பின் 344 இருக்கிறதே, அது "எஸ்" (வெற்றி) வகையில் வரும். வகையைப் பார்த்தால் வெற்றி மாதிரி இருக்கும், ஆவணம் மட்டும் இருக்காது. ஸ்டோரில் தோல் போய்விட்டது, கணக்கில் போகவில்லை. மாதக் கடைசியில் இருப்பு எடுக்கும்போதுதான் தெரியும், அதற்குள் எந்த லாட் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இன்னொன்று. கடைசியாக வந்த செய்தியை வைத்திருக்கிற எஸ்ஒய்-எம்எஸ்ஜிஐடி முதலான சிஸ்டம் புலங்கள் அடுத்த செய்தி வந்ததும் மாறிவிடும். நடுவே வேறொரு ஃபங்ஷனை அழைத்துவிட்டு அப்புறம் படித்தால் வேறு யாருடைய செய்தியோதான் கையில் இருக்கும். வந்த உடனே தனி மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 40 வரிக்கும் வாக்கியம் வரவைத்து, எக்ஸெல் வரி எண்ணையும் பக்கத்தில் போட்டுக் கொடுத்தோம். செய்தி ஆங்கிலம்தான். அடிக்கடி வருகிற ஏழெட்டுக்கு மட்டும் தமிழில் அர்த்தம் எழுதி அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

போன வாரம் கூப்பிட்டார். "சார், 12 சதுர அடி குறையுதுன்னு சொல்லுது. அளக்கற மெஷின்காரங்ககிட்ட பேசிட்டேன், லாட் மாத்தி எழுதியிருக்காங்க. நீங்க வர வேணாம்."