திமிங்கலத்தின் காதைச் சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள்

கரை ஒதுங்கிய ஓங்கிலையோ (டால்ஃபின்) திமிங்கலத்தையோ பரிசோதிக்க அழைப்பு வரும்போது, அது எத்தனை மணிக்கு இறந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். சுற்றி நிற்பவர்களின் கேள்விகள் வேறு. வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததா, கப்பலில் அடிபட்டதா என்று விசாரிப்பார்கள். காதைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததில் வியப்பும் இல்லை, ஏனென்றால் வெளியே காது என்று சொல்லும்படி எதுவும் தெரியாது. கண்ணுக்குச் சற்றுப் பின்னால் குண்டூசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டும் இருக்கும், அதுவும் தேடினால்தான் அகப்படும். கால்நடை மருத்துவம் படித்த நானே முதல் பரிசோதனையில் அதைத் தோலில் பட்ட கீறல் என்று எண்ணித் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்தப் புள்ளி வழியாக ஒலி பெரிதாக உள்ளே போவதில்லை. பற்கள் உள்ள திமிங்கலங்களும் டால்ஃபின்களும், டால்ஃபினின் சிறிய உறவினரான கடற்பன்றிகளும் கீழ்த்தாடையால் கேட்கின்றன. தாடையின் பின்பகுதியில் எலும்பு மெல்லிய தகடாகி, அதன் உட்குழியில் ஒரு தனிவகைக் கொழுப்பு நிறைந்திருக்கிறது. நீரில் வரும் ஒலி அந்தக் கொழுப்பின் வழியே நேராகக் காதெலும்பை அடைகிறது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் நோரிஸ் 1960-களில் முன்வைத்த இந்தக் கருத்து, பிற்காலச் சோதனைகளில் பெரும்பாலும் உறுதிப்பட்டது.

தாடையைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே செலுத்தினால், நுரைபோன்ற சவ்வு படர்ந்த ஒரு காற்றறையில் காதெலும்பு தட்டுப்படும். டால்ஃபினிலும் கடற்பன்றியிலும் அது மண்டையோட்டோடு ஒட்டியிருப்பதில்லை. தசைநார்களில் தொங்குகிறது. இடது காதில் விழும் ஒலியும் வலது காதில் விழும் ஒலியும் மண்டையெலும்பு வழியாகக் கலந்துவிடாமல் இருக்க இந்தத் தொங்கல் உதவுகிறது. ஸ்பெர்ம் திமிங்கலத்திலும் அலகுத் திமிங்கலங்களிலும் இதே எலும்பின் பின்முனை மண்டையோட்டில் ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருக்கும், அங்கே கத்தி போதாது, உளி வேண்டும். வெளியே எடுத்துக் கழுவிய பிறகு பார்த்தால், கீழ்ப்பாதி அச்சு அசலாகச் சோழி. மேல்பாதி உருண்டு திரண்ட ஒரு கட்டி, அதற்குள்தான் உட்செவி இருக்கிறது. உள்ளங்கையில் வைத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத கனம். எஃகுத் தட்டில் வைக்கும்போது எலும்புச் சத்தம் கேட்காது, பீங்கான் சத்தம் கேட்கும். பாலூட்டிகளின் எலும்புகளிலேயே மிகவும் அடர்ந்தவற்றுள் ஒன்று இது.

வேறுபாடு உண்மையில் தொடங்குவது அந்தக் கட்டிக்குள் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் கேள்விக்குழலில். மனிதக் காக்ளியா ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. பெரும்பாலான கடல் டால்ஃபின்களுக்கும் இரண்டிலிருந்து இரண்டரைச் சுற்று வரை உண்டு. கடற்பன்றிக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுதான். சுற்று குறைந்தால் கேள்வித்திறன் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. இரையையும் வழியையும் எதிரொலியால் அறியத் துறைமுகக் கடற்பன்றி எழுப்பும் சொடுக்கொலிகள் 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டியவை, நமது காதோ 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைப் பிடிப்பதற்கான அமைப்பு, காக்ளியாவின் அடிப்பகுதியில் உள்ள சவ்வில் இருக்கிறது. மிருதங்கத்தின் வாரை இறுக்கினால் சுருதி ஏறுவதுபோல, இந்தச் சவ்வு குறுகலாகவும் தடிமனாகவும் இருபுறமும் எலும்பு விளிம்புகளால் இழுத்துக் கட்டப்பட்டும் இருக்கும் இடத்தில் உயர்ந்த ஒலிகள் பதிவாகின்றன. வெளிப்புற எலும்பு விளிம்பு கடற்பன்றியில் சவ்வின் நீளத்தில் பாதிக்கும் மேல் தொடர்கிறது, டால்ஃபினில் சுமார் மூன்றில் ஒரு பங்கோடு முடிந்துவிடுகிறது. இந்த அளவுகளின் அடிப்படையில்தான் ஆய்வாளர் டார்லீன் கெட்டன் பல்திமிங்கலங்களின் உட்செவியை இரு வகையாகப் பிரித்தார். 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சொடுக்கும் கடற்பன்றியும் அமேசான் ஆற்று டால்ஃபினும் ஒரு வகை, 80 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வலிமை மிகுந்த ஒலி எழுப்பும் பெரும்பாலான கடல் டால்ஃபின்கள் மற்றொரு வகை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையில் சிக்கும் முதுகுத்துடுப்பில்லாக் கடற்பன்றியும், அதே நீரில் துள்ளும் ஓங்கிலும், ஒரே கடலை இரு வேறு காதுகளால் கேட்கின்றன என்பதே இதன் பொருள்.

காக்ளியாவுக்கு அருகில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. உடலின் சமநிலையை உணர்த்தும் அவை இந்த விலங்குகளில் வியக்கத்தக்க அளவுக்குச் சிறுத்துவிட்டன. நீலத் திமிங்கலம் பல்திமிங்கலம் அல்ல என்றாலும் ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், அதன் குழல்கள் மனிதனுடையவற்றைவிடவும் சிறியவை. குழல்கள் பெரிதாக இருந்தால், கழுத்து குறுகி உடலே திரும்பிச் சுழலும் நீச்சலில் அந்த உணர்வு அளவுக்கு மீறிப்போகும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். இது எப்போது நடந்தது என்பதற்கான சான்று கட்ச் பகுதியிலும் பாகிஸ்தானிலும் கிடைத்த, பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஈயோசீன் காலப் புதைபடிவங்களில் இருந்தது. புதைபடிவ ஆய்வாளர் சுனில் பாஜ்பாய் உள்ளிட்ட குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, திமிங்கலங்களின் பரிணாமத் தொடக்கத்திலேயே குழல்கள் குறுகிவிட்டன.

இத்தனை விவரமும் ஒரு கால்நடை மருத்துவருக்கு எதற்கு என்று கேட்கலாம். 1973 ஜனவரியில் மணப்பாடு கரையில் 147 குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 43 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே திருச்செந்தூர்க் கடலோரத்தில் 80-க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் பலவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட்டும் 40-க்கும் மேற்பட்டவை இறந்தன. அப்படியொரு நிகழ்வு நடந்தவுடன் நிலநடுக்கம், கடற்படையின் சோனார் (நீருக்கடியில் ஒலி அனுப்பித் தேடும் கருவி), காந்தப்புலம் என்று காரணங்கள் வரிசைகட்டி வருகின்றன. சோனார் ஒரு காரணமாக இருக்க முடியும் என்பதில் ஐயமில்லை. 2000 மார்ச்சில் பஹாமாஸில் 17 விலங்குகள் கரையேறியபோது, கடற்படையின் நடுத்தர அதிர்வெண் சோனார் இயங்கியிருந்ததும், பரிசோதித்த அலகுத் திமிங்கலங்களில் காதையொட்டி இரத்தக்கசிவு இருந்ததும் பதிவாகின. அங்கே காதைத் திறந்து பார்த்தார்கள். காதைத் திறக்காமலே சொல்லப்படும் காரணத்தை நான் ஊகம் என்றுதான் குறிப்பேன், சொல்பவர் யாராக இருந்தாலும்.

திறந்து பார்த்தாலும் அவசரப்படக் கூடாது என்பதை நான் அனுபவத்தில் கற்றேன். ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சடலத்தின் காற்றறையில் நூல்போன்ற உருளைப்புழுக்கள் கொத்தாகச் சுருண்டிருப்பதைக் கண்டு, அதையே இறப்புக்குக் காரணமாக அறிக்கையில் எழுதினேன். மூத்த மருத்துவர் ஒருவர் அந்த வரியை அடித்துவிட்டு, நல்ல உடல்நிலையில் இருந்து வலையில் சிக்கி இறந்த கடற்பன்றிகளிலும் இந்தப் புழுக்கள் காணப்படுவதைச் சுட்டினார். விலங்குக்கு விலங்கு கேள்வித்திறனும் மாறுகிறது. அமெரிக்கக் கடலோரங்களில் ஒதுங்கிய பல்திமிங்கலங்களின் கேள்வித்திறனை அளந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பாட்டில்மூக்கு டால்ஃபின்களில் சுமார் 57 சதவீதத்துக்கும், சொரசொரப்புப் பல் டால்ஃபின்களில் சுமார் 36 சதவீதத்துக்கும் கடுமையான செவித்திறன் இழப்பு இருந்தது. அதே ஆய்வில் ரிஸ்ஸோ டால்ஃபின்கள் ஏழும் நன்றாகக் கேட்டன.

ஒலியால் ஏற்பட்ட பாதிப்பை உறுதிசெய்ய, காக்ளியாவில் ஒலியை உணரும் மயிரணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்த அணுக்கள் இறந்த சில மணி நேரத்திலேயே சிதையத் தொடங்குகின்றன, நம் ஊர் வெயிலில் இன்னும் விரைவாக. நான் நேரத்தை முதலில் கேட்பது இதனால்தான். காதெலும்பை எடுத்த உடனே, உட்செவிக்குள் திறக்கும் அதன் இரு சிறு சாளரங்களின் வழியே, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினை மெல்லச் செலுத்த வேண்டும். முழு எலும்பையும் குப்பியில் போட்டு வைத்தால், அந்த அடர்ந்த எலும்பைத் தாண்டி மருந்து உள்ளே போய்ச் சேர்வதற்குள் பார்க்க வேண்டியது கரைந்திருக்கும்.

ஆகவே மீனவ நண்பர்களிடமும் வனத்துறைக் களப்பணியாளர்களிடமும் நான் கேட்பது பெரிதல்ல. உயிரோடு இருக்கும் விலங்கை வாலைக் கட்டி இழுக்க வேண்டாம். இறந்துவிட்டால், பார்த்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு, தலைப்பகுதியை நிழலாக்கி, படகிலோ ஏலக்கூடத்திலோ இருக்கும் ஐஸை அதைச் சுற்றிப் போடுங்கள். பல்லுக்காகவோ வேடிக்கைக்காகவோ தாடையை யாரும் கோடரியால் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சோழியின் மெல்லிய உதடு ஒரே அடியில் நொறுங்கிவிடும். ஜேசிபி வந்து குழி தோண்டிவிட்டாலும், மருத்துவர் வரும்வரை தலையை மட்டுமாவது மேலே வைத்திருக்கலாம்.

அழுகிப்போன சடலத்திலும் எலும்பு மிஞ்சும். அணுக்கள் போயிருந்தாலும் சிடி ஸ்கேனில் சுற்றுகளை எண்ண முடியும், குழல்களை அளக்க முடியும், தோலும் துடுப்பும் அழிந்த பிறகு இனம் எது என்பதைக்கூடப் பெரும்பாலும் அந்த ஓர் எலும்பே சொல்லிவிடும். கரையில் நடக்கும்போது சோழிக்கு மிஞ்சிய கனத்தில் ஒரு சோழி கிடைத்தால், கிடைத்த இடத்தையும் தேதியையும் எழுதி வனத்துறை அலுவலகத்தில் கொடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டு அலமாரியில் வைத்திருக்க அனுமதியில்லை.