ஹெல்மெட் ஏன் நாறுகிறது, எப்படித் துவைத்தால் போகும்?

நாலு நாளாகத் தொடாமல் ஆணியில் தொங்கும் ஹெல்மெட். நல்ல வெயில் நாளில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வானம் மூடி, காற்றில் ஈரம் ஏறிய ஒரு காலையில் அதையே தலையில் மாட்டினால் குப்பென்று அடிக்கிறது. மழையில் நனையவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவும் இல்லை. அப்படியானால் இந்த வாடை எங்கே ஒளிந்திருந்தது?

வியர்வையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறோம். ஆனால் நெற்றியிலும் மண்டையிலும் ஊறும் வியர்வைக்கு, ஊறும் அந்த நேரத்தில், வாடை என்று சொல்ல ஏதும் கிடையாது. அதில் சுமார் 99 சதவீதம் தண்ணீர். மீதி உப்பு, லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் உப்பு), கொஞ்சம் யூரியா. கூடவே மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகள் சீபம் என்னும் எண்ணெய்ப் பிசுக்கைக் கசியவிடுகின்றன. உடம்பில் இந்தச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருப்பது முகத்திலும் தலையிலும்தான். ஹெல்மெட் மூடுவதும் அதே இடங்களைத்தான். உதிர்ந்த தோல் செதில், தலைக்குத் தேய்த்த எண்ணெய், ஜெல், சாலைப் புழுதி என்று எல்லாம் சேர்ந்து உள்மெத்தைக்குள் இறங்குகின்றன.

அங்கே இதையெல்லாம் தின்ன ஆள் காத்திருக்கிறது. மலாசீசியா என்று ஒரு ஈஸ்ட். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்கத் தெரியாதது; வெளியிலிருந்து எண்ணெய் கிடைத்தால்தான் வாழும். சீபத்தை உடைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஓலியிக் அமிலம் போன்ற மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். பொடுகிலும் தலை அரிப்பிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொரு பக்கம், தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை பாக்டீரியாக்கள் வியர்வையில் இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தை ஐசோவலேரிக் அமிலமாக மாற்றுகின்றன. பழைய சாக்ஸில் அடிக்குமே, அந்த வாடைக்கு முக்கியக் காரணம் இந்த அமிலம்தான்.

இந்த வாடை வந்து ஒட்டிக்கொள்ளும் துணியும் அதற்குத் தோதானதாக அமைந்துவிடுகிறது. உள்மெத்தையின் மேல்துணி பெரும்பாலும் பாலியஸ்டர். பருத்தி நூல் காற்றிலிருந்தே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. சீக்கிரம் காய்கிறது என்று அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். ஆனால் தண்ணீரை விரட்டும் இந்த நூல் எண்ணெயை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். 2014-இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓரிடத்தில் நின்றபடி மிதிக்கும் சைக்கிளில் ஆட்களை வியர்க்க வைத்து, அவர்கள் போட்டிருந்த சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் மூடி வைத்துப் பிறகு முகரச் செய்தார்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர் சட்டைகள் மோசமாக நாறின. வாடை கிளப்பும் மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக்களும் பாலியஸ்டரில்தான் செழித்து வளர்ந்திருந்தன. ஹெல்மெட்டில் அதே துணிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சும் ஒட்டியிருக்கிறது என்பதைச் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த மூடிய வானத்துக்கு வருவோம். விடை உப்பில் இருக்கிறது. வியர்வைத் தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு எங்கும் போவதில்லை. தாடைப் பட்டையைக் கொஞ்சம் வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் பூத்திருக்கும். அதே உப்பு ஸ்பாஞ்சின் உள்ளேயும் படிந்து கிடக்கிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். லாக்டேட்டும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள்தான். ஆக, யாரும் நனைக்காமலே மெத்தை உள்ளுக்குள் ஈரமாகிறது. காய்ந்து கிடந்த நுண்ணுயிரிகளுக்கு வேலை செய்ய ஈரம் கிடைக்கிறது; துணியோடு ஒட்டியிருந்த அமிலங்கள் விடுபட்டுக் காற்றில் கலக்கின்றன. வெயிலில் காயவைத்தால் வாடை போனமாதிரி இருந்து மறுபடி வருவதற்கும் இதுவே காரணம். வாசனை ஸ்ப்ரே அடித்தால் உப்பும் எண்ணெயும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின் மேல் இன்னொரு படலம் சேரும், அவ்வளவுதான். இரண்டையும் துவைத்து வெளியே கொண்டுவருவதுதான் ஒரே வழி.

துவைக்கும் முன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தலையில் படும் மெத்தை, இரு கன்னத் திண்டுகள் எல்லாமே மேல்துணியும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சும் சேர்ந்தவை. அதற்குப் பின்னால் தெர்மாகோல் ஓடு. நாம் பொட்டலங்களில் பார்க்கும் அதே பாலிஸ்டைரீன் நுரைதான், இன்னும் அடர்த்தியாக வார்த்தது. பெரும்பகுதி காற்றுதான். விழும்போது அந்தக் காற்றறைகள் நசுங்கி அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால்தான் மூளை பிழைக்கிறது. கடைசியில் வெளி ஓடு. துவைக்க வேண்டியது முதல் அடுக்கை மட்டும். இரண்டாவது அடுக்கை எதுவும் செய்யாமல் விடுவதுதான் அதற்கு நாம் செய்யும் பராமரிப்பு.

பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவற்றில் ஒரு சொட்டு தெர்மாகோலில் பட்டால் அந்த இடம் கண்ணெதிரே குழிந்து போகும். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனின். இதுவும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். பழைய தெர்மாகோலைக் கரைத்து மறுசுழற்சி செய்யவே இதைப் பயன்படுத்துகிறார்கள். ‘இயற்கையானது’ என்று எழுதிய சிட்ரஸ் கிளீனரை ஹெல்மெட்டுக்குள் தெளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. கரைந்த பள்ளம் மெத்தைக்கு அடியில் மறைந்துவிடும், விழும் நாள்வரை தெரியாது.

இனி துவைக்கும் முறை. கழற்றுவதற்கு முன் உள்பக்கத்தை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். எந்தப் பட்டன் எந்தத் துளையில் என்பது ஒரு நாள் கழித்து மறந்துபோகும். பட்டன்களைத் துணியைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்கு அடியிலேயே விரலை நுழைத்து நெம்ப வேண்டும். ஒரு பக்கெட்டில் கைக்கு வெதுவெதுப்பான தண்ணீர், 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பச்சைத் தண்ணீரில் சீபம் இறுகிப்போகும். கொதிக்கும் தண்ணீர் மெத்தைக்கு ஆகாது. பல மெத்தைகளில் துணியை ஸ்பாஞ்சோடு பிடித்து வைத்திருப்பது பசை அல்லது லேசாக உருகிய ஸ்பாஞ்சின் மெல்லிய மேற்பரப்பு. சூடு பட்டால் அது விட்டுக்கொடுத்து, துணி கொப்பளம் கொப்பளமாக எழும்பும்.

தண்ணீரில் ஒரு ஸ்பூன் குழந்தைகள் ஷாம்பு போதும். ஷாம்புவின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய் முனைகள் பிசுக்கில் குத்திட்டு நின்று, அதைச் சிறு சிறு உருண்டைகளாகப் பிரித்து, தண்ணீரில் மிதக்கவைத்து வெளியே இழுத்து வருகின்றன. தலையிலிருந்து சீபத்தை எடுப்பதற்கென்றே தயாரித்த பொருள் என்பதால் ஹெல்மெட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது தேட வேண்டாம். சோப்புக் கட்டி கடினநீரில் கால்சியத்தோடு சேர்ந்து திரியும். அந்தத் திரிவு ஸ்பாஞ்சின் துளைகளிலேயே தங்கிவிடும். பிளீச் நூலையும் ஸ்பாஞ்சையும் அரிக்கும். துணி மென்மையாக்கும் திரவமோ நூலின் மேல் ஒரு கொழுப்புப் படலத்தைப் பூசிவிடும், அப்புறம் வியர்வையைத் துணி உறிஞ்சாது.

பதினைந்து நிமிடம் ஊறட்டும். பிறகு ஒரு கன்னத் திண்டைத் தண்ணீருக்கு அடியிலேயே உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்தி, கையைத் திறங்கள். அழுத்தும்போது சாம்பலும் பழுப்புமாக ஒரு மேகம் புகைபோல் வெளியே கிளம்பும். கையைத் திறந்ததும் ஸ்பாஞ்ச் விரிந்து புதுத் தண்ணீரைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேல்துணியில் பிசிறு எழும்புமே தவிர, உள்ளே இருக்கும் உப்பைத் தொடவே முடியாது. முப்பது, நாற்பது முறை இப்படி அழுத்தித் திறந்தாலே போதும். முறுக்கிப் பிழியக் கூடாது; நனைந்த ஸ்பாஞ்ச் எளிதில் கிழியும். தண்ணீரை மாற்றி மாற்றி, நுரை வருவது நிற்கும்வரை அலச வேண்டும். இந்த அலசலில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். உள்ளே தங்கிய ஷாம்பு அடுத்த வியர்வையில் கரைந்து நெற்றியில் இறங்கி, கண்ணை எரிக்கும், தோலை அரிக்கும்.

அலசி முடித்ததும் தடிமனான துண்டில் சுருட்டிக் கையால் அழுத்துங்கள். ஸ்பாஞ்சின் நுண்துளைகள் தண்ணீரை இறுக்கிப் பிடித்திருக்கும். துண்டின் இழைகள் அதைப் பாதிக்கு மேல் உறிஞ்சிவிடும். மீதியை நிழலில், மின்விசிறிக் காற்றில் விட வேண்டும். நீர் ஆவியானதும் மெத்தையைச் சுற்றி ஈரக்காற்று ஒரு போர்வைபோல் நிற்கும். காற்றோட்டம் அந்தப் போர்வையை விலக்கிக்கொண்டே இருந்தால் சூடு இல்லாமலே காய்ந்துவிடும். வெயிலின் புறஊதாக் கதிர் பாலியூரித்தேனை மஞ்சளாக்கிப் பொடியாக்கும். ஹேர் டிரையரை நெருக்கமாகப் பிடித்தால் ஒட்டு விடும். ஒரு நாள் முழுக்க விட்டு, தடித்த இடத்தை அழுத்திக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் நடுவில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அப்படியே மாட்டினால் அந்த ஈரம் போக வழியில்லை. பின்பக்கம் தெர்மாகோல் அடைத்துக்கொண்டிருக்கும், பூஞ்சை பிடிக்கும்.

மெத்தை கழற்ற வராத ஹெல்மெட்டுகளும் உண்டு. ஷாம்பு கலந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி அழுத்தி, பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் அதே இடத்தைப் பல முறை ஒற்றி எடுக்க வேண்டும். முழுமையாகப் போகாது, ஆனாலும் பெருமளவு போகும். பட்டையை ஷாம்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். பட்டையை இறுக்கும் வளையங்களுக்குள் உப்பு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் அடிக்கடி செய்ய விருப்பமில்லாதவர்கள் ஹெல்மெட்டுக்கு உள்ளே மெல்லிய துணிக் குல்லா போடலாம். எண்ணெயும் உப்பும் முதலில் அதில்தான் படியும், தினமும் அதைத் துவைத்துவிடலாம். ஈரத்தலையோடு ஹெல்மெட் மாட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஈரத்தை நாமே காலையில் ஊற்றிக் கொடுத்தமாதிரி ஆகும்.

எவ்வளவு நன்றாகத் துவைத்தாலும் ஸ்பாஞ்சுக்கு ஆயுள் உண்டு. தினமும் நசுங்கி எழும் அதன் சுவர்கள் ஒரு கட்டத்தில் முழுதாக எழுவதில்லை. சில மில்லிமீட்டர் தளர்ந்தாலே தலை உள்ளே ஆடும். அடிபடும்போது தெர்மாகோல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஹெல்மெட்டைத் தர நிர்ணயம் செய்யும் ஸ்னெல் அறக்கட்டளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அது காட்டும் காரணங்களில் தலை எண்ணெயும் உடல் திரவங்களும் கிளீனர்களும் இருக்கின்றன. துவைத்துக் காய்ந்து மாட்டிய பிறகு ஹெல்மெட்டைப் போட்டு, பட்டையை இறுக்கி, முன்பக்கத்தைப் பிடித்து இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். கன்னத்துத் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து இழுபட வேண்டும். தோல் அப்படியே நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கித் திரும்பினால், அதே மாடலுக்கு அதே அளவில் புதுத் திண்டு வாங்கிப் போடும் நேரம் வந்துவிட்டது.