இன்னும் செய்யாத ராக்கெட்டை அரசாங்கம் எப்படி வாங்கும்?

அரசாங்கம் ஆபீஸுக்கு நாற்காலி வாங்கணும்னா பெரிய விஷயம் இல்ல, அளவு சொல்லி டெண்டர் விட்டா யாரு கம்மி விலை போடுறாங்களோ அவங்ககிட்ட வாங்கிக்கலாம். ஆனா இதுவரைக்கும் யாருமே செய்யாத ஒரு பொருளுக்கு எப்படி டெண்டர் விடுறது? ஸ்பெசிஃபிகேஷன் எழுதணும்னா அது எப்படி இருக்கும்னு முதல்ல தெரியணும், கம்பெனிக்காரன் விலை சொல்லணும்னா ஒரு தடவையாவது செஞ்சு பாத்திருக்கணும், ரெண்டும் கிடையாது.

அமெரிக்காவுல இதுக்கு ரொம்ப காலமா வச்சிருந்த வழி காஸ்ட் பிளஸ். அதாவது ஆகுற செலவு முழுக்க அரசாங்கம் குடுக்கும், அதுக்கு மேல லாபமும் குடுக்கும், கம்பெனிக்கு நஷ்டம்ங்கற பேச்சே இல்ல. நஷ்டம் வராதுன்னு தெரிஞ்சா செலவைக் குறைக்க யாருக்கு அவசரம் வரும், அதனால அரசாங்கம் கணக்கைக் கிண்டிக் கிண்டிப் பாக்க வேண்டியிருக்கு. அதுக்காக எஃப்ஏஆர்னு ஒரு கொள்முதல் விதித் தொகுப்பு இருக்கு, ரொம்ப காலமா அது கிட்டத்தட்ட 2000 பக்கத்துக்கு இருந்துச்சு, கணக்கு எப்படி எழுதணும்ல ஆரம்பிச்சு கண்டுபிடிப்புல யாருக்கு என்ன உரிமைங்கற வரைக்கும் எல்லாம் அதுல வரும். பெரிய பழைய கம்பெனிங்க இதுக்குன்னே தனி ஆளுங்களை வச்சிருப்பாங்க, புதுசா ஆரம்பிச்ச சின்ன கம்பெனி இதைப் பாத்தாலே அரசாங்க வேலையே வேணாம்னு போயிடும்.

இதுல இருந்து வெளிய வர ஒரு கதவு 1958-லயே சட்டத்துல இருந்துச்சு. அந்த வருஷம் ஜூலை 29-ல அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்ட, நாசாவை உருவாக்குன சட்டத்துல, நாசா ஒப்பந்தம் போடலாம், குத்தகை எடுக்கலாம், கூட்டு முயற்சி செய்யலாம், அதோட 'மற்ற பரிவர்த்தனைகளும்' செய்யலாம்னு ஒரு வரி இருக்கு. அந்தக் கடைசி வகையில போடுற அக்ரிமென்ட் கொள்முதல் ஒப்பந்தம் ஆகாது, அதனால அந்த 2000 பக்க விதிகளும் அதைக் கட்டுப்படுத்தாது.

அந்தக் கதவை நாசா பெரிய அளவுல திறந்தது காட்ஸ்னு சொல்ற சரக்குப் போக்குவரத்துத் திட்டத்துல தான். 2003-ல கொலம்பியா விண்கலம் சிதறுன பிறகு, 2010 வாக்குல ஷட்டில்ங்கற அந்த வகை விண்கலங்களை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. அப்போ விண்வெளி நிலையத்துக்கு சாப்பாடு தண்ணி உதிரி பாகம் எல்லாம் யாரு கொண்டு போறது? முதல்ல கிஸ்லர்ங்கற ஒரே கம்பெனிக்கு போட்டி இல்லாம ஒரு ஒப்பந்தம் குடுக்கப் பாத்தாங்க, ஸ்பேஸ்எக்ஸ் எதிர்ப்பு தெரிவிச்சதும் 2004-ல அதை வாபஸ் வாங்க வேண்டியதாயிடுச்சு. 2005-ல நாசா தலைவரா வந்த மைக் கிரிஃபின் 50 கோடி டாலரை தனியா எடுத்து வச்சு, போட்டி நடத்தி ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாரு. 2006 ஆகஸ்ட்ல ரெண்டு கம்பெனிங்க ஜெயிச்சுது, ஸ்பேஸ்எக்ஸுக்கு 27.8 கோடி டாலர், ராக்கெட்பிளேன் கிஸ்லருக்கு 20.7 கோடி டாலர்.

இந்தக் காசு எப்படிக் கைமாறுச்சுங்கறதுல தான் எல்லா விஷயமும் இருக்கு. நம்ம ஊர்ல வீடு கட்டும்போது பேஸ்மென்ட் முடிஞ்சா இவ்வளவு, லின்டல் வந்தா இவ்வளவு, மேல கான்கிரீட் போட்டா இவ்வளவுன்னு பேசிக்கறோம்ல, கிட்டத்தட்ட அதே முறை. வேலையை மைல்கல் மைல்கல்லா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு காசு, எது நடந்தா அது முடிஞ்ச மாதிரின்னு கையெழுத்துப் போடும்போதே எழுதிடுவாங்க. ஸ்பேஸ்எக்ஸுக்கு முதல்ல 22 மைல்கல். முடிச்சா காசு வரும், முடிக்கலைன்னா வராது, லேட்டானா அந்த லேட்டுக்கான செலவு கம்பெனி தலையில, மனுஷ மணிநேரம் எவ்வளவு ஆச்சுன்னு நாசா கேக்கவே கேக்காது.

கம்பெனி சொந்தக் காசும் போடணும், வெளிய முதலீடு திரட்டுறதே சில இடத்துல ஒரு மைல்கல்லா இருந்துச்சு. பதிலுக்கு டிசைன் கம்பெனியோடது, உரிமையும் கம்பெனியோடது, அதே ராக்கெட்டை வேற எந்த வாடிக்கையாளருக்கும் வித்துக்கலாம். சரக்கைக் கொண்டு போகணும், திருப்பிக் கொண்டு வரணும் இல்ல பத்திரமா அழிச்சிடணும், நிலையத்துப் பக்கத்துல வரும்போது அதோட பாதுகாப்பு விதிகளுக்கு அடங்கணும், நாசா கேட்டது அவ்வளவு தான். எஞ்சின் எத்தனை, எந்த உலோகம், வால்வு யாருகிட்ட வாங்கணும், இதுல நாசா இன்ஜினியருங்க யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது.

ஸ்பேஸ்எக்ஸ் ஜெயிச்ச கதை எல்லாருக்கும் தெரியும், 2012 மே 25-ல டிராகன் கலம் நிலையத்துக்குப் போய்ச் சேந்துச்சு, அப்படிப் போய்ச் சேந்த முதல் தனியார் கலம் அது தான். ஆனா இந்த முறை நிஜமாவே வேலை செய்யுதுங்கறதுக்கு எனக்கு அதை விடப் பெரிய சாட்சி தோத்துப் போன கம்பெனி தான். ராக்கெட்பிளேன் கிஸ்லரால வெளிய முதலீடு திரட்ட முடியல, அது சம்பந்தமான மைல்கல் தவறுச்சு, நாசா கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு 2007 அக்டோபர்ல உறவை முறிச்சுக்கிச்சு. அதுவரைக்கும் குடுத்திருந்தது 3.2 கோடி டாலர் தான், மீதிப் பணம் பத்திரமா இருந்துச்சு, 2008 பிப்ரவரியில அதுல இருந்து 17 கோடி ஆர்பிட்டல் சயின்சஸ்ங்கற இன்னொரு கம்பெனிக்குப் போச்சு, அவங்களோட சிக்னஸ் கலம் 2013-ல நிலையத்துக்குப் போய்ச் சேந்துச்சு. சாதாரணமா ஒரு அரசாங்கத் திட்டம் தடுமாறுனா இவ்வளவு செலவு பண்ணியாச்சே, இப்போ எப்படி விடுறதுன்னு இன்னும் கொட்டுவாங்க, இங்க அந்தப் பேச்சுக்கே இடம் இல்ல. ராக்கெட்பிளேன் கிஸ்லர் அரசாங்கத் தணிக்கை அமைப்புகிட்ட புகார் குடுத்துச்சு, இது கொள்முதலே இல்ல, நாசா செஞ்சது சரிதான்னு 2008 ஜனவரியில பதில் வந்துச்சு.

குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2009-ல முடிக்கறதா சொன்ன சோதனைப் பயணங்களை ஸ்பேஸ்எக்ஸ் 2012-ல தான் முடிச்சுது, நடுவுல நாசா 11.8 கோடி டாலருக்கு கூடுதல் மைல்கல்களைச் சேத்து மொத்தத்தை 39.6 கோடி ஆக்குச்சு. விலையை ஏத்திட்டாங்கன்னு விமர்சனம் பண்றவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா அந்தக் காசும் அந்தந்த மைல்கல்லை முடிச்சுக் காட்டுன பிறகு தான் போச்சு. இன்னொரு பக்கம், ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன் 9 ராக்கெட்டை பழைய முறையில நாசாவே செஞ்சிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்னு 2011-ல அவங்களோட சொந்தக் கணிப்பு மாடல்ல போட்டுப் பாத்தாங்க, கிட்டத்தட்ட 400 கோடி டாலர்னு வந்துச்சு. ஸ்பேஸ்எக்ஸ் அந்த ராக்கெட்டை உருவாக்க செலவு பண்ணது சுமார் 30 கோடி. மாடல் கணக்கு தானேன்னு பாதியாக் குறைச்சாலும் வித்தியாசம் மலை மாதிரி நிக்குது.

இந்த அக்ரிமென்ட்டால செய்ய முடியாத வேலையும் உண்டு. புது தொழில்நுட்பம் வளர உதவி பண்ணலாம், ஆனா நாசா தன் சொந்த உபயோகத்துக்கு சேவை வாங்கணும்னா திரும்ப எஃப்ஏஆர் பக்கம் தான் போகணும். அதனால தான் 2008 டிசம்பர்ல சரக்கு கொண்டு போறதுக்குன்னு தனி ஒப்பந்தம் போட்டாங்க, ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 பயணம் 160 கோடி டாலர், ஆர்பிட்டலுக்கு 8 பயணம் 190 கோடி டாலர். மனுஷங்களை அனுப்புற விஷயத்துலயும் இதே கதை, பாதுகாப்பு விதியைக் கட்டாயமாக்கணும்னா உத்தரவு போடுற அதிகாரம் வேணும், அதனால 2014-ல போயிங்குக்கும் ஸ்பேஸ்எக்ஸுக்கும் போட்டது எஃப்ஏஆர் ஒப்பந்தம், ஆனா விலை மாத்திரம் ஃபிக்ஸட்.

இதைப் படிச்சுட்டு விதியைத் தூக்கிட்டாலே எல்லாம் சரியாயிடும்னு நினைச்சா அது தப்பு. ராணுவ ஆராய்ச்சி பாக்குற டார்ப்பாவுக்கு 1989-ல இதே அதிகாரம் வந்துச்சு, 1993-ல முன்மாதிரி செய்யவும் விட்டாங்க. அமெரிக்க தரைப்படை 2003-ல ஃப்யூச்சர் காம்பாட் சிஸ்டம்ஸ்ங்கற பிரம்மாண்டமான திட்டத்தை போயிங்குக்கு இதே வழியில குடுத்துச்சு. ஆனா உள்ள இருந்தது பழைய காஸ்ட் பிளஸ் தான், கம்பெனி சொந்தக் காசு போட்டு ரிஸ்க் எடுக்கல, கண்காணிப்பு விதிங்க மட்டும் காணாமப் போச்சு. செனட்டர் மெக்கெய்ன் கேள்வி கேட்ட பிறகு 2005-ல சாதாரண ஒப்பந்தமா மாத்த முடிவு பண்ணாங்க, 2009-ல திட்டமே ரத்தாச்சு. சட்டக் கதவு ஒண்ணு தான், காட்ஸ்ல கம்பெனியோட பணமும் மாட்டியிருந்துச்சு, இங்க மாட்டல.

என்னை இப்பவும் உறுத்துறது வெளிப்படைத்தன்மை தான். 2020-ல கோவிட் தடுப்பூசிக்காக ஃபைசர் கூட 10 கோடி டோஸுக்கு 195 கோடி டாலர்னு போட்டதும் இந்த வகை அக்ரிமென்ட் தான், அனுமதி வாங்கி டோஸ் கைக்கு வந்த பிறகு தான் காசுங்கற ஏற்பாடு ரொம்ப நல்ல ஏற்பாடு, ஆனா நடுவுல ஒரு கூட்டமைப்பு வழியா போச்சு, பின்னாடி வெளிவந்த அக்ரிமென்ட்லயும் பல இடம் கருப்பு மையால மூடியிருந்துச்சு. அவசர காலம்னு சொல்லலாம், ஆனா 2000 பக்க விதியை ஒதுக்கி வச்சு ஜனங்க வரிப்பணத்தைக் குடுக்கறப்போ, எதுக்குக் குடுக்கறோம்னு காட்டுறதாவது கட்டாயமா இருக்கணும். அது முடியாத காரியம் இல்ல, காட்ஸ்ல எந்த மைல்கல்லுக்கு எவ்வளவு டாலர்னு நாசா வெளியிட்டுச்சே.