பழைய காரில் கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்பதுதான் முதல் கேள்வி

பட்டறைக்குப் பழைய காரைக் கொண்டுவருபவர்களில் பலர், கோளாறைச் சொல்வதற்கு முன்பே மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ரேடியேட்டரை மாற்றுங்கள், செல்ஃப் மோட்டாரை மாற்றுங்கள், இன்ஜினைப் பிரித்துவிடுங்கள் என்பார்கள். யாரோ சொல்லக் கேட்டோ, முன்பு ஒருமுறை அதே அறிகுறிக்கு அந்தப் பாகத்தை மாற்றியதாலோ அந்த முடிவுக்கு வந்திருப்பார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: இது எப்போது நடக்கிறது? காலையில் முதன்முறை கிளப்பும்போதா, நெரிசலில் நிற்கும்போதா, மேட்டில் ஏறும்போதா, ஒரு மணி நேரம் ஓடி நின்ற பிறகா? பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளின் இருப்பிடத்தை இந்தப் பதிலே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்ஜின் சூடேறுவதை எடுத்துக்கொள்வோம். வண்டி மெதுவாகப் போகும்போதோ சிக்னலில் நிற்கும்போதோ மட்டும் வெப்பமுள் ஏறி, வேகமெடுத்தவுடன் இறங்கிவிட்டால், முன்னாலிருந்து வரும் காற்று செய்யும் வேலையை ரேடியேட்டர் ஃபேன் செய்யவில்லை என்று பொருள். ஃபேன் மோட்டார், அதன் ரிலே, ஃபியூஸ், வெப்பத்தை உணரும் சுவிட்ச் ஆகியவற்றை அப்போது பார்க்க வேண்டும். நெரிசலில் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது மட்டும் சூடேறினால் கதை வேறு. ரேடியேட்டரின் உள் குழாய்களில் உப்பும் துருவும் படிந்து அடைத்திருக்கலாம். வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் தளர்ந்து உள்வாங்கி வழியை அடைக்கலாம். இரண்டு நிலைகளுக்கும் அறிகுறி ஒன்றே என்றாலும் பார்க்க வேண்டிய இடம் வேறு வேறு.

இந்த அமைப்பில் எல்லோராலும் அலட்சியப்படுத்தப்படும் உறுப்பு ரேடியேட்டர் மூடி. ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் புதிதாக மாற்றப்பட்டும் சூடு அடங்காத ஒரு கார் என்னிடம் வந்தது. இன்ஜினை நிறுத்திய பின்னும், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கொதிக்கும் களகளவென்ற சத்தம் கேட்டது. மிஞ்சி வரும் கூலன்டைச் சேர்க்கும் பக்கத்து டப்பா நிரம்பி வழிந்தது. ஆறிய பிறகு திறந்து பார்த்தால் ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்திருந்தது. மேல் ஹோஸ் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. மூடியின் அடிப்பக்க ரப்பர் கல்லாக இறுகி வெடித்திருந்தது, நடுவிலிருந்த சிறு வால்வு துருவில் ஒட்டியிருந்தது. புது மூடி போட்டதும் சூடு அடங்கிவிட்டது.

ஒரு மூடிக்கு இவ்வளவு வல்லமை எப்படி வந்தது என்றால், கூலன்ட் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் வரைதான் அதன் கொதிநிலை உயர்ந்திருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், அதற்கு மேல் 1 பார் அழுத்தம் கூடினால் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். கூலன்ட் கலவைக்கு இது இன்னும் சற்று மேலே போகும். மூடி அழுத்தத்தைத் தாங்கவில்லையென்றால், சிலிண்டர்களின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் மிகச் சூடான பகுதிகளில் கூலன்ட் ஆவியாகி, மீதியை வெளியே தள்ளிவிடும். இன்ஜின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்க வேண்டிய நடு வால்வும் திறக்கவில்லையென்றால், உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். மூடியை மாற்றும்போது அதன் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் பழையதற்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சூடாகிறது என்பதற்காக, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். பெரும்பாலான இன்ஜின்களில் 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும் அந்த வால்வு, இன்ஜின் வேலை செய்ய வேண்டிய வெப்பத்துக்கு விரைவாக வர உதவுகிறது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு கட்டும். சிலிண்டர் தேய்மானமும் அதிகரிக்கும். வால்வு கெட்டிருக்கிறதா என்பதைச் சோதிப்பது எளிது: கழற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் மெல்லச் சூடேற்றினால், அதன் மேல் குறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டி அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிய வால்வு போடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்.

ஆறியிருக்கும் இன்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே, கூலன்ட் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்போல இறுகிவிட்டால் கவலைப்பட வேண்டும். சிலிண்டரில் எரியும் வாயு ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு வழியாகக் கூலன்டுக்குள் கசிவதால்தான் பெரும்பாலும் இப்படி நடக்கும். அதற்குமேல் வண்டியை ஓட்டினால் ஹெட் வளைந்துவிடக்கூடும். பாதிவழியில் ஆவி கிளம்பினால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்; சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்; சூடேறிய இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். முழுமையாக ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வண்டி கிளம்பாத கோளாறிலும் இதே கேள்விதான் வழிகாட்டும். மூன்று நாள் நிறுத்திவைத்த பிறகு மட்டும் செல்ஃப் எடுக்கவில்லையென்றால், நிறுத்தியிருக்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேட்டரி சார்ஜைத் தக்கவைக்கவில்லை. ஓடி நிறுத்தியவுடன், சூட்டில் மட்டும் செல்ஃப் திணறினால் செல்ஃப் மோட்டாரையும் அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சாலினாய்டையும் சந்தேகிக்கலாம். எந்த நேரத்திலும் திணறினால், பேட்டரியை மாற்றுவதற்கு முன் வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த, முழு சார்ஜுள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் காட்டினால் அது கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பொதுவாக நலமாகவே இருக்கிறது.

பழைய கார்களில் இவை எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவது உண்டு. அப்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையைப் பெயிண்ட் இல்லாத இன்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் அந்த நொடியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கேபிளிலோ அதன் போல்ட்டிலோ துரு ஏறியிருக்கலாம். கேபிளைக் கழற்றி, இரு முனைகளையும் பளபளக்கும் வரை தேய்த்து முறுக்கினால் போதும். இதைப் பார்க்காமல் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் அடுத்தடுத்து மாற்றப்பட்ட வண்டிகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் உடனே இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. இரவெல்லாம் நின்றபின் கிளப்பும்போதும், நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் மட்டும் ஒரு குப்பென்று வந்து மறைந்தால், பெரும்பாலும் வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்கள்தான் இறுகியிருக்கும். சுமையோடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம்) குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு நன்கு உயர்ந்தால் ரிங்கில் குறை. உயராவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ குறை.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் மட்டும் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கிறது. அது முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்துபோகலாம். பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர், ஆண்டு இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். வாங்கிய பழைய காரில் அது எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

பிரேக்கில் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவு தெரியாத நிலையில் பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். பஞ்சுபோல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். நீண்ட இறக்கத்தின் முடிவில் மட்டும் பெடலில் பிடிப்பு இல்லாமல் போனால், பிரேக் ஆயில் கொதித்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற தரப் பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி என்று விதிக்கப்பட்ட கொதிநிலை, ஈரமேறிய நிலையில் 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுகிச் சூடாகிறது என்றால், பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரை வாங்குவதற்கு முன் இன்னொன்றைச் செய்து பாருங்கள். வண்டியை ஜாக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தச் சக்கரம் இறுகியிருக்கும்போதே கேலிப்பரில் காற்றை வெளியேற்ற உள்ள பிளீடர் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் சுற்றத் தொடங்கினால், கேலிப்பரில் குறையில்லை. பெரும்பாலும் பழைய ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, போன அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. திருகைத் தளர்த்தியும் சக்கரம் இறுகியே இருந்தால்தான் கேலிப்பரின் பிஸ்டனோ கேலிப்பர் நகர உதவும் பின்களோ துருப்பிடித்திருக்கும். ஹோஸ் என்றால் எதிர்ப்பக்கத்து ஹோஸுக்கும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்து மாற்றி, காற்றை முழுதாக எடுத்து, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்த பிறகுதான் வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.