தீயணைப்பு நிலையம் கேட்டு மனு எழுதும் முன் சர்வே எண்ணைத் தேடுங்கள்

எங்கள் ஊரில் வைக்கோல் படப்பு பற்றி எரிந்தபோது 101-க்குப் போன் போட்டவர்களில் நானும் ஒருவன். வண்டிக்காரர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், உடனே கிளம்பிவிட்டார்கள். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அவர்கள் வந்து குழாயை விரித்தபோது பக்கத்துத் தொழுவமும் சேர்ந்து கரியாகிக் கிடந்தது. அதற்கப்புறம் மனுவும் கையுமாக அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

அளவுகோலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், கிராமத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்பது தேசிய அளவிலான தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் பரிந்துரை. கிராமத்துக்கு 20 நிமிடத்தில் வண்டி வர வேண்டும். பரிந்துரைதான், சட்டம் இல்லை. 50 சதுர கிலோமீட்டர் என்றால் நிலையத்தைச் சுற்றி ஏறக்குறைய 4 கிலோமீட்டர். இதை 50 கிலோமீட்டர் தூரம் என்று எண்ணிக்கொண்டு, ‘உங்களுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே’ என்று அனுப்பி வைப்பவர்கள் உண்டு.

கொக்கிரகுளத்தில், அதாவது திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், திங்கட்கிழமை மனு கொடுத்தால் நிலையம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். புதிய நிலையத்துக்கு ஆணை போடுவது சென்னையில், உள்துறை. ஆட்சியர் கையில் இருப்பது நிலம். மனு செத்துப்போகும் இடமும் அதுதான். ‘பொருத்தமான நிலம் இல்லை’ என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடியாச்சு.

அதனால் நிலத்தை நீங்களே தேடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஏ பதிவேட்டை (எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) பார்த்து, அரசு தரிசாக இருக்கும் சர்வே எண்ணைக் குறியுங்கள். ராதாபுரம், நாங்குநேரி பக்கம் ஏமாறுவது சுலபம். வருஷக்கணக்கில் வறண்ட மானாவாரிக் குளம் விளையாட்டு மைதானம் மாதிரி கிடக்கும். பதிவேட்டில் அது குளம்தான், கிடைக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அங்கே கட்டடம் கேட்கவும் மாட்டார்கள். யாராவது இலவசமாக இடம் தருகிறேன் என்றால், அது மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தன் பிளாட்டுகளுக்கு ரோடு வரட்டும் என்று உள்ளே தள்ளிக் கொடுப்பார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் தண்ணீர் வேண்டும். ஒரு வண்டியில் சுமார் 4,500 லிட்டர்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அடுத்தது நேரம். வரைபடத்தில் கோடு போட்டுத் தூரம் காட்டுவார்கள். பாளையங்கோட்டையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு வண்ணார்பேட்டை வழியாக ஜங்ஷன் வந்து பார்த்தவருக்கு அந்தக் கோட்டின் லட்சணம் தெரியும். மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்: மூன்று வருடங்களில் எங்கள் ஊரிலிருந்து வந்த அழைப்புகள், அழைத்த நேரம், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், பதிவேட்டு நகல். ‘ஏன் நிலையம் தரவில்லை’ என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் கைதட்டலோடு எழுந்து வராதீர்கள். சர்வே எண்ணோடு தீர்மான நோட்டில் ஏறியதா என்று பார்த்து, நகல் வாங்குங்கள். நிலம், நேரம், தீர்மானம் மூன்றையும் சேர்த்து ஆட்சியர், மாவட்டத் தீயணைப்பு அலுவலர், சட்டமன்ற உறுப்பினர் மூவருக்கும் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று வருவது பதிலே இல்லை. எந்தத் துறை, எந்தத் தேதி, என்ன கடித எண் என்று அடுத்த திங்கட்கிழமையே போய்க் கேளுங்கள்.