காகிதத் தாள் கடத்தும் அமைப்புக்குக் காப்புரிமை: ஆய்வில் எது நிற்கும், எது விழும்

விண்ணப்பம் போட்டதுமே காப்புரிமை அலுவலகம் அதைப் படித்துப் பார்க்கத் தொடங்கிவிடாது. ஆய்வு செய்யுங்கள் என்று படிவம் 18-இல் தனியாகக் கேட்க வேண்டும். 2024 மார்ச் 15-இல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகளின்படி, முன்னுரிமைத் தேதி (அதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) அல்லது விண்ணப்பத் தேதி, இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து 31 மாதத்துக்குள் இதைச் செய்தாக வேண்டும். அந்தத் தேதிக்கு முன் தாக்கலான விண்ணப்பங்களுக்குப் பழைய 48 மாதக் கணக்கே தொடர்கிறது. கெடு தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும்.

இணையவழியில் கட்டினால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு ஆய்வுக் கட்டணம் 4,000 ரூபாய், மற்றவர்களுக்கு 20,000. தாக்கல் கட்டணம் இதில் சேராது. அது முறையே 1,600 மற்றும் 8,000 ரூபாய். 30 பக்கம், 10 கோரிக்கை (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாக்கியம்) வரை அது போதும். பிறகு ஒவ்வொரு கூடுதல் பக்கத்துக்கும் கோரிக்கைக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண் என்பன போன்ற தகுதி இருந்தால் படிவம் 18ஏ மூலம் விரைவு ஆய்வு கேட்கலாம். விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியாகாமல் ஆய்வுக்குப் போகாது என்பதால், வழக்கமான 18 மாதம் காத்திருக்க விரும்பாதவர்கள் முன்கூட்டியே வெளியிடக் கேட்கும் படிவம் 9-ஐயும் சேர்த்தே போடுகிறார்கள்.

தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென்மாநில விண்ணப்பங்களைத் தாக்கல் செய்வது சென்னை கிண்டியிலுள்ள அலுவலகத்தில். சட்டம் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், விதிகள் 2003. இதுவரை சொன்னது எல்லாத் துறைக்கும் பொது. தாள் கடத்தும் அமைப்புக்கென்று (அச்சு இயந்திரம் போன்றவற்றில் தாளை ஒன்றொன்றாக எடுத்துச் செல்லும் பகுதி) உள்ள சிக்கல்கள் ஆய்வாளர் தேடலைத் தொடங்கும்போதுதான் தலைகாட்டும்.

இந்தத் துறையில் முந்தைய ஆவணங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. பன்னாட்டு வகைப்பாட்டில் அச்சு இயந்திரத்துக்குள் தாளைக் கொண்டுபோகும் கருவிகள் பி41எஃப் 21-இல் வரும். கிரிப்பர் (தாளின் விளிம்பைக் கவ்வும் பிடி), டிரான்ஸ்ஃபர் டிரம் (தாளைக் கைமாற்றும் உருளை), ஃபிரண்ட் லே, சைடு லே (தாளின் முன், பக்க விளிம்புகளை நேராக்கும் தடுப்புகள்) எல்லாம் அங்கேதான். ஆனால் அடுக்கிலிருந்து தாளைப் பிரிப்பது பி65எச் 3, பிரித்ததை ஊட்டுவது பி65எச் 5, இரட்டைத் தாள் கண்டறிதல் போன்ற கட்டுப்பாடுகள் பி65எச் 7, ரெஜிஸ்டர் பிடிப்பது (தாளைச் சரியான இடத்தில் நேராக நிறுத்துவது) பி65எச் 9, டெலிவரி (தாளை வெளியே கொண்டுவருவது) பி65எச் 29. மேசைப் பிரிண்டரின் தாள் கையாளல் பி41ஜே 13-இல் இருக்கிறது. ஆஃப்செட் இயந்திரத்தை மட்டும் மனதில் வைத்து பி41எஃப்-இல் தேடிவிட்டு ‘எங்கும் இல்லை’ என்று விண்ணப்பிப்பவருக்கு, நகல் இயந்திரத்திலிருந்தோ ஏ.டி.எம்-இல் நோட்டுப் பிரிக்கும் பொறியிலிருந்தோ ஒரு ஆவணம் எதிரே வந்து நிற்கும். மெல்லிய தாளை ஒன்றொன்றாகப் பிரிப்பது எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை என்பதால் ஆய்வாளர் அங்கும் போவார், போவது நியாயமும்கூட.

முதல் ஆய்வறிக்கையில் இந்தத் துறைக்காரர்கள் அடிக்கடி சந்திக்கும் பிரிவுகள் சில. புதுமை, புத்தாக்கப் படி (துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம்) ஆகியவை பிரிவு 2(1)(ஜே), 2(1)(ஜேஏ). தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்கியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனித்தே செய்கிறது என்பது பிரிவு 3(எஃப்). சென்சாரும் கன்ட்ரோலரும் வரும் விண்ணப்பங்களுக்கு, இது வெறும் கணினி நிரல் என்று பிரிவு 3(கே). கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு போதாது என்பது 10(4). ஒரே விண்ணப்பத்தில் ஃபீடர் (தாள் ஊட்டும் பகுதி) ஒரு கண்டுபிடிப்பு, டெலிவரி இன்னொன்று என இரண்டைத் திணித்திருக்கிறீர்கள் என்பது 10(5).

இவற்றில் 3(எஃப்) ஆட்சேபணையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தாள் இயந்திரத்துக்குள் போகும் பலகையான ஃபீட் போர்டில் சக்ஷன் பெல்ட் (காற்றை உறிஞ்சித் தாளைப் பிடித்து நகர்த்தும் பட்டை) ஏற்கெனவே உண்டு. அல்ட்ராசோனிக் இரட்டைத் தாள் சென்சாரும் உண்டு. இரண்டையும் ஒரே போர்டில் வைத்தேன் என்று எழுதினால் 3(எஃப்)-இல் விழும். ஒன்று மற்றொன்றின் வேலையை மாற்றுகிறது என்று காட்ட வேண்டும். மணிக்கு 15,000 தாள் ஓடும் இயந்திரத்தில் ஒரு தாளுக்குக் கிடைப்பது 0.24 விநாடி. இரட்டைத் தாள் என்று சென்சார் சொன்ன பிறகு, ஸ்விங் கிரிப்பர் பிடிப்பதற்குள் ஃபிரண்ட் லே இறங்காமல் நின்று தாளைத் தடுக்க வேண்டும். சென்சார் ஃபிரண்ட் லேயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தால் அந்த இடைவெளி போதும், பெல்ட்டின் வேகம் அந்த நொடியில் எப்படி மாற வேண்டும் என்ற உறவைக் கோரிக்கைக்குள் எழுதினால்தான் மூன்று உறுப்பும் சேர்ந்து இயங்குவதாக வாதிட முடியும். 3(கே)-க்கும் மருந்து இதுவே: சிக்னல் எந்த மோட்டாரை, எந்தக் கேமை (சுழன்று மற்றொரு உறுப்பைத் தள்ளி அசைக்கும் வட்டு), எந்த வால்வை அசைக்கிறது என்பதில் கோரிக்கை போய் முடிய வேண்டும்.

புத்தாக்கப் படிக்கு ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்போம். பொருள், ஃபீட் ரோலரும் அதற்கு எதிரே பிரிக்கும் ரோலரும் கொண்ட ஊட்டும் அமைப்பு. பிரிக்கும் ரோலர் ஒரு டார்க் லிமிட்டர் (குறிப்பிட்ட திருகு விசைக்கு மேல் வழுக்கிவிடும் இணைப்பு) வழியாகப் பின்னோக்கிச் சுழலும்படி இயக்கப்படுகிறது. நடுவில் ஒற்றைத் தாள் இருந்தால் லிமிட்டர் வழுக்கி, ரோலர் தாளோடு முன்னே போகும். இரண்டு தாள் புகுந்தால் அவற்றுக்கிடையேயான உராய்வு லிமிட்டரை வெல்லாது. ரோலர் பின்னோக்கித் திரும்பி இரண்டாவது தாளைத் தள்ளிவிடும். அதாவது லிமிட்டரின் விசை, தாளுக்கும் தாளுக்குமான உராய்வு விசையைவிட அதிகமாகவும், ரப்பருக்கும் தாளுக்குமான உராய்வு விசையைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். ரப்பரில் காகிதத் தூசு படிந்து பளபளப்பேறினால் மேல் எல்லை இறங்கித் தாள் நகராமல் நிற்கும். சரி, ரோலர்களைச் சேர்த்து அழுத்தும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்டலாம் என்றால் கீழ் எல்லையும் சேர்ந்து ஏறும். அளவு மீறினால் இரட்டைத் தாள் வரும்.

விண்ணப்பதாரரின் யோசனை: பிரிக்கும் ரோலரில் என்கோடர் (சுழற்சியை அளக்கும் கருவி) வைத்து, அது ஃபீட் ரோலரைவிடப் பின்தங்குவதை அளந்து, அதே தாள் ஊட்டப்படும்போதே கேம் மூலம் அழுத்தத்தை ஒரு படி கூட்டுவது. ஆனால் முதல் கோரிக்கையில் அவர் எழுதியது ‘தாள்கள் வழுக்காமலும் இரட்டையாக வராமலும் செல்லும்படி அமைக்கப்பட்ட ஊட்டும் கருவி’ என்று மட்டுமே. விளைவை எழுதியிருக்கிறார், அதைத் தரும் உறுப்பு எங்கே? ஆய்வாளர் இரண்டு ஆவணங்களை வைப்பார். முதலாவதில் ஃபீட் ரோலர், பிரிக்கும் ரோலர், லிமிட்டர், நிலையான ஸ்பிரிங். இரண்டாவதில் என்கோடர் வழுக்கலை அளந்து ‘ரோலரை மாற்றவும்’ என்று திரையில் காட்டுகிறது. இரண்டையும் சேர்ப்பது துறை தெரிந்தவருக்கு எளிது என்பார்.

‘எங்கள் கருவி இன்னும் நன்றாக வேலை செய்கிறது’ என்ற பதில் எடுபடாது. பாத்திரம் கடையும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு குறித்த பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், பட்டறையில் செய்யும் சாதாரண மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. எடுபடும் பதில் இப்படி இருக்கும்: இரண்டாவது ஆவணத்தில் அளவீடு திரைக்குப் போகிறது, அழுத்தத்துக்குப் போகவில்லை, அழுத்தத்தைக் கூட்டினால் இரட்டைத் தாள் வரும் என்பதால் துறை தெரிந்தவர் அதைத் தொடத் தயங்குவார், எங்கள் அமைப்பு லிமிட்டர் விசையிலிருந்து கணக்கிட்ட ஒரு மேல் வரம்புக்குள் மட்டுமே கூட்டுகிறது. இந்த வரம்பைக் கோரிக்கை 1-இல் சேர்த்துத் திருத்தித் தர வேண்டும்.

அந்த வரம்பு தாக்கல் நாளன்று கொடுத்த விவரக்குறிப்பில் இருந்ததா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிரிவு 59-இன்படி, முன்பு சொல்லாத ஒன்றைத் திருத்தமாகச் சேர்க்க முடியாது. கோரிக்கையின் எல்லையை விரிக்கவும் முடியாது, சுருக்கலாம். எனவே எழுதும்போதே தாளின் எடை வரம்பு, ரோலர் விட்டம், அழுத்தம் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு, கூட்டும் படி எவ்வளவு, அதைச் செய்ய எத்தனை மில்லி விநாடி, அளவு மீறினால் என்ன பிழை வரும் என்பதையெல்லாம் போட்டுவிட வேண்டும். விருப்பமான ஒரே அளவை மட்டும் கொடுத்தால் பிறகு சுருங்க இடமிருக்காது. பரந்த வரம்பு, அதற்குள் குறுகிய வரம்பு, ஒரு குறிப்பிட்ட அளவு என மூன்று அடுக்காக எழுதுவது நல்லது. படத்தில் காட்டிய உறுப்புகளுக்கு அதே எண்ணைக் கோரிக்கையிலும் அடைப்புக்குள் கொடுக்க வேண்டும். படத்தாளில் விளக்க வரிகள் கூடாது. பாய்வுப் படத்துக்கு மட்டும் விலக்கு. சுருக்கம் 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

ஆய்வறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்தில் பதில் தர வேண்டும். படிவம் 4 மூலம் மேலும் 3 மாதம் வரை நீட்டிப்பு கேட்கலாம். பதிலே போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். வெளிநாட்டிலும் விண்ணப்பித்திருந்தால், ஆய்வறிக்கை அனுப்பப்பட்டு 3 மாதத்துக்குள், அந்த வெளிநாட்டு விண்ணப்ப விவரங்களைச் சொல்லும் படிவம் 3-ஐப் புதுப்பித்துத் தர வேண்டியிருப்பதை மறக்கக் கூடாது. பதிலில் திருப்தி இல்லையென்றால் கட்டுப்பாட்டாளர் விசாரணைக்கு அழைப்பார். அங்கே பேசியதையெல்லாம் 15 நாளுக்குள் எழுத்து வடிவில் கொடுக்க வேண்டும். கேமின் அசைவை நேரில் படம் வரைந்து விளக்க முடிகிற ஒருவர் விசாரணையில் உடன் இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மறுக்கப்பட்டால் 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இத்தகைய மேல்முறையீடுகளைக் கேட்டுவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்ட பிறகு அதுவே வழி. 10(5) ஆட்சேபணை வந்தவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. வெட்டி எடுத்த டெலிவரிப் பகுதிக்குப் பிரிவு 16-இன் கீழ் பிரிப்பு விண்ணப்பம் போடுவதானால், மூல விண்ணப்பம் உயிரோடு இருக்கும்போதே போட வேண்டும். முதலாவதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.